தம்பி வண்டிக்கு முதலில் எதை மாற்றுவது

தம்பி,

பக்கத்து வீட்டில் மீன்பிடிக்கும் மர வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு மீன் எண்ணெய் பூசுகிறார்கள். காலையிலிருந்து அந்த வாடை வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். நான் எழுந்துபோய்த் திறந்து வைத்தேன். அந்த வாடை வந்தால் நீயும் கூடவே வருவாய் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நீ கப்பலில் இருந்த காலத்தில் மாதம் ஒரு கடிதம் உனக்கு எழுதியதால்தான் எழுத்து மறக்காமல் இருக்கிறது. நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. இன்று உனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது, அதனால் மறுபடி எழுதுகிறேன்.

போன வாரம் உன் வண்டியை விற்க ஏற்பாடாகிவிட்டது. சாத்தான்குளத்திலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து ஏற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு. பேசி முடித்தவன் என் மகன் சேவியர். கூடாது என்று நின்றவள் அவன் மகள், உன்னைத் தாத்தா என்று கூப்பிட்ட ஜோஸ்பின். நீ கப்பலுக்குப் போனபோது சட்டை போடாமல் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த அந்தக் குட்டிதான். இப்போது துறைமுகத்தில் ஒரு ஆபீசில் வேலை. கப்பல் எப்போது வரும், எப்போது போகும் என்று இங்கிலீஷில் போனில் பேசுகிறாள். நான் வேலையை விட்டுவிட்டு நின்று கேட்பேன்.

தோழியின் வண்டியில் ஓட்டிப் பழகி லைசென்ஸ் எடுத்து, உன் வண்டியையும் துடைத்து வைத்துவிட்டாள். நீ ஆசைப்பட்டுப் போகாமலே விட்ட வேளாங்கண்ணிக்கு அதில் போக வேண்டுமாம். முதலில் என்னென்ன மாற்றுவது என்று ஒரு பட்டியலும் எழுதி வைத்திருந்தாள். போன் மாட்டும் ஸ்டாண்டு, புது சைலன்சர், வெள்ளை வெளிச்சம் அடிக்கிற லைட்டு, இரண்டு பக்கமும் பெட்டி.

சேவியர் பட்டியலை வாங்கிப் பார்க்கவே இல்லை.

"பிரேக்கு பிடிக்காத வண்டிக்கு லைட்டு ஒரு கேடா? உன் தாத்தாவையும் ஆச்சியையும் உப்பளத்துல தூக்கிப் போட்ட வண்டி அது."

"அதுக்கப்புறம் தாத்தா பிரேக்கை மாத்திட்டாவல்லா, அப்பா?"

"மாத்தினா? பிறவிக் கோளாறுன்னு மாமாவே சொன்னாரு. எம் பிள்ளை அதுல ஏற வேண்டாம். அவ்வளவுதான்."

அவன் வாயில் நீ சொன்ன வார்த்தை, தம்பி. பிறவிக் கோளாறு. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கப்பல் வேலையை விட்டு வந்ததும் எல்லோரும் வீடு கட்டுவார்கள், நிலம் வாங்குவார்கள். நீ மதுரைக்குப் போய் யாரோ ஓட்டித் தீர்த்த ஒரு பெரிய பைக்கை வாங்கி வந்தாய். முன்னால் காற்றைத் தடுக்கிற கண்ணாடி, எஞ்சினை மூடி நீலச் சட்டை, ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுத்த மாநிலம். "அக்கா, இது சந்தைக்குப் போற வண்டி இல்ல. வேகமாவும் போவும், தூரமாவும் போவும்" என்றாய். "அப்ப கருவாடு வாங்க எதுல போறது?" என்று கேட்டேன். அன்றைக்கே என்னைப் பின்னால் ஏற்றி நீ போன முதல் இடம் சந்தைதான்.

முதலில் எதை மாற்றுவது என்பதில் நமக்குள் ஒரு மாதம் சண்டை. காற்று காதில் அடிக்கிறது, உயரமான கண்ணாடி வேண்டும் என்பாய் நீ. பின்சீட்டு பலகை மாதிரி இருக்கிறது, மெத்தென்று ஒரு சீட்டும் சாய்ந்துகொள்ள ஒரு கம்பியும் வேண்டும் என்பேன் நான். டவுனில் பெரிய பைக்குகள் பார்க்கும் மெக்கானிக் அண்ணாச்சி இரண்டையும் ஒதுக்கிவிட்டார். "பழைய வண்டின்னா முதல்ல தரையைத் தொடுறதைப் பாருங்க, அப்புறம் நிப்பாட்டுறதைப் பாருங்க. உக்காருறது கடைசி." அவர் அந்தப் பக்கம் போனதும் நீ என் காதருகில் குனிந்து, "நீ கவலைப்படாத. உனக்குச் சீட்டுதான் முதல்ல" என்றாய்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அந்த வேலையைச் செய்தேன். நம் ஊர் உப்புக்காற்றில் ஆணி ஒரு மாதம் தாங்காது. உன் வண்டியில் அங்கங்கே செம்புள்ளி விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா வள்ளத்துக்கு எண்ணெய் பூசும்போது ஒரு பலகை விடாமல் துணியால் தேய்த்துக் கொடுத்த கை இது. நீ எழுவதற்கு முன்னால் மீன் எண்ணெய் டின்னை எடுத்து வந்து, வண்டியில் இரும்பாகத் தெரிந்த எல்லாவற்றிலும் பூசினேன். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுமே பளபளவென்று ஒரு தட்டு, அதில் இரண்டு தரம் பூசினேன். அதுதான் துருப்பிடிக்கும்போல் இருந்தது. அதைப் பிடித்துத்தான் வண்டி நிற்கும் என்று எனக்கு என்ன தெரியும்?

வெயில் ஏறுவதற்குள் ஆத்தூருக்குப் போய் வெற்றிலை வாங்கி வரலாம் என்று கிளம்பினோம். நம் மணல் தெருவில் உருட்டிக்கொண்டு போனதில் பிரேக்குக்கு வேலை இல்லை. ரோட்டில் ஏறினால் உப்பளம் வரை நேர் ரோடு, அங்கும் வேலை இல்லை. வளைவில் உப்பு லாரி ஒன்று குறுக்கே திரும்பியது. உன் முதுகு இறுகியது எனக்குத் தெரிந்தது. வண்டி நிற்கவில்லை. நீ லாரியை விட்டு ஒடித்துக் கரையில் இறக்கினாய். அங்கிருந்து மூன்று பேரும் பாத்திக்குள் போய் விழுந்தோம், நீயும் நானும் வண்டியும்.

முழங்கால் அளவு உப்புத் தண்ணீர். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள்.

"அக்கா, கை கால் எல்லாம் இருக்கா?" என்று கேட்டாய்.

"இருக்கு. செருப்புல ஒண்ணைத்தான் காணோம்."

அதற்குள் ஒருத்தி, "ஏளா, இங்கன பாரு! ரெண்டு கருவாடு தானா வந்து விழுந்திருக்கு!" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே வண்டியை நிமிர்த்தினாய். அப்போதுதான் முன்சக்கரத்துத் தட்டில் உன் விரல் பட்டது. விரலை மூக்கருகே கொண்டுபோனாய். என்னைப் பார்த்தாய்.

ஊரில் கல்யாணச் சோற்றுக்கு உப்பு சரியா என்று என்னைக் கேட்டுத்தான் இறக்குவார்கள். அப்படி இருந்தவள், சேலையெல்லாம் உப்பு ஒழுக, உன் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். நீ அவர்கள் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னாய்: "பழைய வண்டிதான? பிரேக்கு பிறவிக் கோளாறு."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டுபோய், எண்ணெய் குடித்த பிரேக் கட்டைகளைத் தூக்கி எறிந்து, ரப்பர் டியூபுக்குப் பதிலாகக் கம்பிப் பின்னல் போட்ட டியூப் மாட்டி, தட்டுகளையும் புதிதாக்கி வந்தாய். என் பின்சீட்டுக்கென்று வைத்திருந்த காசு அதில் போயிற்று. மறுநாள் பார்த்தால், அடுப்படியில் இருந்த மீன் எண்ணெய் டின் என் கை எட்டாத பரணில் உட்கார்ந்திருந்தது. அதைப் பற்றி நீ என்னிடம் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

ஊர் உன்னை விடவில்லை. கோயில் வாசலில் நின்றால், "வாங்க பிரேக் இல்லாத கப்பல்காரரே" என்பார்கள். சேவியரும் அப்படித்தான் கேலி செய்வான். நீ சிரிப்பாய். நான் உள்ளே போய் அடுப்பைப் பார்ப்பதுபோல் நிற்பேன். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். ஒருநாள் நெஞ்சுவலி என்று படுத்தாய், அதன்பிறகு சொல்ல நீ இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஜோஸ்பின் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் பட்டியலைக் கிழித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. நான்காகக் கிழித்து, அதை எட்டாகக் கிழித்தாள். எனக்குத் தாங்கவில்லை. உள்ளே போனேன். சேவியர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏலே சேவியரு, அந்த வண்டியில ஒரு கோளாறும் கிடையாது. அந்தத் தட்டுல மீனெண்ணெய் பூசினது நான்."

"என்னம்மா சொல்லுத?"

சொன்னேன். டின்னிலிருந்து பரண் வரைக்கும் சொன்னேன். மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் வந்து நின்ற ஜோஸ்பின், "ஆச்சி, பிரேக்குக்கா? ரெண்டு தரமா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சேவியர் சிரிக்கவில்லை.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"விழுந்த இடத்துலயே தெரியும்."

"தெரிஞ்சுமா, நான் கேலி பண்ணுனப்பல்லாம் சும்மா கேட்டுட்டு இருந்தாரு?"

பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனான். என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் வாசலில் கேட்டது. சாத்தான்குளத்துக்காரரிடம் வர வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் பூசை முடிந்ததும் மெக்கானிக் அண்ணாச்சியைக் கூட்டிவந்தான். பிரேக் இன்னும் இருபது வருடம் நிற்குமாம், உள்ளே ஓடும் எண்ணெயை மட்டும் மாற்றினால் போதுமாம். டயரில் வரிவரியாக இருக்கும் பூ தேயவில்லை. ஆனாலும் ஓடாமல் நின்றே ரப்பர் இறுகிவிட்டது, ஈர ரோட்டில் வழுக்கும் என்றார். பின்பக்க ஷாக் அப்சர்பர் எண்ணெய் கக்குகிறது. அந்த எண்ணெயை நான் பூசவில்லை என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். ஜோஸ்பினுக்குப் புதுப் பட்டியலை என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். முதலில் டயர். அடுத்தது ஷாக். போன் ஸ்டாண்டு கடைசி. ஷாக்குக்கு எந்த எழுத்து என்று கேட்டுத்தான் எழுதினேன்.

டயரும் ஷாக்கும் மாற்றி வந்த அன்று சேவியர் யாரையும் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு உப்பள வளைவு வரை போனான். அவன் திரும்பி வரும்வரை நான் உட்காரவில்லை. வந்து இறங்கி, சாவியை மகள் கையில் கொடுத்தான்.

"வண்டி நிக்குதும்மா" என்று என்னிடம் சொன்னான். உன் பெயரை அவன் எடுக்கவில்லை, ஆனால் கண் நிறைந்திருந்தது.

பிள்ளை நேற்று விடியலில் கிளம்பி, மத்தியானம் வேளாங்கண்ணியிலிருந்து போட்டோ அனுப்பிவிட்டாள். சாயங்காலம் கோயில் வாசலில் ஒருத்தி என்னைப் பிடித்தாள். "என்னக்கா, தம்பியோட பிரேக் இல்லாத வண்டியிலயா பேத்தியை அனுப்பி வச்சீங்க?"

அவளை நிறுத்தி வைத்துச் சொன்னேன். அவளோடு நின்ற நான்கு பேருக்கும் சொன்னேன். இன்றைக்கு மீன் வாங்கப் போன இடத்திலும் சொன்னேன். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்கிறேன், தம்பி: வண்டி நல்ல வண்டி. ஓட்டினவன் அதைவிட நல்லவன். எண்ணெய் பூசினது நான்.

உன் அக்கா