மூன்று தடவைக்குச் சேர்த்துக் கட்டுவது பற்றி

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே நீங்கள் இருவரும் சுகமா என்று கேட்கத்தான் பேனாவைத் திறந்தேன், சுகமில்லை என்று தெரிந்தே கேட்பது வெறும் உபசாரம் என்பதால் கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, அது போதும். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ என்னைப் பேச விட்டால்தானே. நாலு வார்த்தை சொல்வதற்குள் "சரிம்மா, புரியுதும்மா" என்று வாயை அடைத்துவிடுகிறாய். அதனால் இதை எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், காகிதத்திடம் குறுக்கே பேச முடியாது பார்.

மெத்தைக் கடை நன்றாகத்தான் ஓடுகிறது. பஞ்சு விலை ஏறிவிட்டது. ஒரு விடுதிக்காரர் மொத்தமாக மெத்தை கேட்டுவிட்டு அப்பாவை நடையாய் நடக்கவிட்டார், அப்புறம் நான் போனேன், முடிந்தது. "எங்க வீட்டம்மா உக்காரக்கூட இல்ல, அவரு ஆர்டர்ல கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துட்டாரு" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். உறை தைக்கிறவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி, இப்போது என் நரைமுடியெல்லாம் துல்லியமாகத் தெரிகிறதாம், அதைக் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்கிறார். எதிர்க் கண்ணாடிக் கடைக்காரி வழக்கம்போல "மகன் வீட்ல ஏதும் விசேஷம் உண்டாக்கா?" என்றாள். "இருந்தா உனக்குத்தான் முதல்ல சொல்லுவேன், இப்போ தலையணை எத்தனை வேணும்?" என்றேன். இரண்டு வாங்கிக்கொண்டு போனாள். ஊர் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்காக நீங்கள் அவசரப்பட வேண்டாம் என்பதற்குத்தான் இதைச் சொன்னேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஐ.வி.எஃப். பலிக்கவில்லை என்று நீ சொன்ன அன்று, கல்லாவை அப்பாவிடம் விட்டுவிட்டு மெத்தை அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். நீ அழுதாயா தெரியவில்லை, மறுநாளே வேலைக்குப் போய்விட்டாய் என்று மருமகள் சொன்னாள். ஊசி அவள் உடம்பில் ஏறியது, ஆனால் இழப்பு உனக்கும்தான்டா. அதை அழுது தீர்க்காமல் ஏதாவது காரியம் செய்து தீர்க்கப் பார்க்கிறாய். இன்னும் மூன்று தடவைக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி, இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம், கட்டப் போகிறேன் என்றாய். கண்ணா, அந்த வெள்ளிக்கிழமையை நான் இருபது வருஷமாக விற்கிறேன். இரண்டு தலையணை இலவசம், இன்றைக்கு மட்டும் என்று போர்டு வைத்தவள் நான், மறுநாள் அந்தப் போர்டைக் கழற்றியதே இல்லை. டாக்டரைத் தப்பு சொல்லவில்லை, வைத்தியம் பார்க்கிறவர் வேறு, பில் போடுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறவர் வேறு. டாக்டரிடம் கேள், இந்தத் தடவை ஏன் தங்கவில்லை, அடுத்த தடவை எதை மாற்றிச் செய்வீர்கள் என்று. அதற்குச் சரியான பதில் வராவிட்டால் எல்லா ரிப்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு இன்னொரு டாக்டரைப் பார். உன் பரிசோதனையையும் மறுபடி செய்துகொள், அதில் கௌரவம் பார்க்காதே. உறைய வைத்த கரு இன்னும் ஒன்று இருக்கிறது என்றாயே, அதை வைப்பதற்கு இவ்வளவு ஊசி வேண்டாம் என்கிறார்கள், அதையும் விவரமாகக் கேள்.

என் கடைக்குப் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து வந்தால் பேசுகிறவரை நான் பார்ப்பதில்லை. ஒருவர் விலை, நீளம், அகலம், உத்தரவாதம் என்று பேசிக்கொண்டே இருப்பார், மற்றவர் ஓரமாக நின்று மெத்தையைக் கையால் அழுத்திப் பார்ப்பார். முதுகுவலி அவருக்குத்தான். அன்றைக்கு வீடியோவில் நீ கணக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் உனக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "மூணு தடவை" என்று நீ சொன்னதும் மடிக்கிற கை நின்றது. வயிற்றோரம், ஊசி போட்ட இடத்தில், உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நீ பார்க்கவில்லை, உனக்கு முதுகுப் பக்கம். என்னிடம் அவள் ஒரு குறையும் சொல்லவில்லை, எப்போது கேட்டாலும் "நல்லாருக்கேன் அத்தை" தான். அவள் மனதில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது என்பதுதான் என் கவலை. டிவியை அணைத்துவிட்டு அவளைக் கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிரு, அவள் யோசிக்கிற நேரத்தில் நீ புகுந்து பேசாதே. கொஞ்ச நாள் போகட்டும் என்பாளோ, உடனே செய்யலாம் என்பாளோ, அது அவள் வாயிலிருந்து வரட்டும். வயது போகிறதே என்ற உன் பயமும் நியாயம்தான், எவ்வளவு காத்திருக்கலாம் என்று டாக்டரிடமே சேர்ந்து போய்க் கேளுங்கள். வேறொருத்தியின் கருமுட்டையோ, தத்தோ, இல்லை கடைசிவரை நீங்கள் இரண்டு பேர் மட்டுமோ, எதுவானாலும் எனக்கும் அப்பாவுக்கும் சம்மதம். பேரப்பிள்ளை ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நிறைய இருக்கிறது. அது என் ஆசை. அதை அவள் உடம்பில் ஏற்றாதே.

இரண்டு பேரும் மனம்விட்டுப் பேசி, வயிறாரச் சாப்பிட்டு, நோய்நொடி அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்தி. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல். அதற்கு மேல் பேச எந்த வியாபாரிக்கும் வாய் வராது, அந்த ஒரு பேச்சால் என்னை எத்தனையோ பேர் மடக்கியிருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் கேட்பதே இல்லை. நீ கேள்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அம்மா