அலுமினியம் ஓட்டாத மெஷின்

மச்சான்,

அன்புள்ள என்று ஆரம்பிக்க இன்றைக்கு மனம் வரவில்லை. காலையில் உங்கள் வீட்டுப் பின்கட்டுத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து ஓர் அலுமினியக் குழாயை அசிட்டோன் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெல்டிங் வைக்கிற இடத்தில் பிசுக்கு இருக்கக் கூடாது, அதற்காக. மூக்கைக் குத்தும் அந்த வாசம் எழுந்ததும் நீங்கள் வந்துவிட்டீர்கள். உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பாட்டில் தெருவில் கிடந்திருக்கும், பக்கத்தில் நானும் நின்றிருப்பேன். தீப்பெட்டியைக்கூட அடுப்பங்கரையை விட்டு வெளியே எடுக்க விடாத ஆள் நீங்கள். நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் இருபத்தேழு வருஷம் போர்மேனாக இருந்தவர் அப்படித்தான் இருப்பார் என்று எல்லோரும் பொறுத்துப்போனோம். பொறுத்துப்போனது தப்பு. பதில் சொல்ல நீங்கள் இருந்தபோதே நான் நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

அக்கா மாடிப்படியில் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன பிறகு உங்கள் வீட்டுக்கு ஒரு சக்கர நாற்காலி வந்தது. இரும்புக் கனம், நான்கும் சின்னச் சக்கரம். உட்கார்ந்திருப்பவர் தானாக உருட்ட வழியில்லை. "இது நாற்காலியாடா? தக்காளி வண்டி மாதிரி என்னைய ஆளாளுக்குத் தள்ளிட்டுப் போறீக" என்பாள். விற்பனைக்கு வந்த லேசான அலுமினிய நாற்காலிகளோ உங்கள் வீட்டு வாசல் நிலைக்குள் நுழையவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அடுத்த தெருவில் அவள் நடத்திவந்த தையல் கடைக்கு, யாரும் தள்ளாமல், தன் கையால் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போக வேண்டும். தையல் மெஷின் பெடலை மேசைமேல் வைத்து முழங்கையால் அழுத்திக்கொள்வேன் என்றாள். கைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள், விட்டால் தோள் இறுகிவிடும் என்று பயிற்சி கொடுக்க வந்த பெண் எச்சரித்ததும் நம் இரண்டு பேர் காதிலும்தான் விழுந்தது.

நான் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமை சந்தை லீவில் ஆர்க் வெல்டிங் வைத்து கேட், அலமாரி, பூந்தொட்டி ஸ்டாண்டு என்று எதையாவது ஒட்டிக்கொண்டிருப்பேன். அது பொழுதுபோக்கு. வீட்டு நிலைக்குத் தகுந்த அளவில் அலுமினியத்திலேயே ஒரு நாற்காலி செய்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அதற்கு டிக் என்கிற வேறு வகை வெல்டிங் மெஷின் வேண்டும். பெரிய பட்டறை வைக்கிற மெஷின் தேவையில்லை, நம் கைக்கு அடங்கினது போதும், ஆனால் ஸ்டீல், அலுமினியம் இரண்டிலும் வெல்டிங் ஓட்ட வேண்டும் என்றேன். அது வத்தல் வரத்துக் காலம், மண்டியை விட்டு நான் நகர முடியாது. "நான் மதுரைக்குப் போறேன், வாங்கிட்டு வாரேன். நீ யாவாரத்தைப் பாரு மாப்ளே" என்று நீங்களாகவே கிளம்பினீர்கள். உங்களுக்கும் அக்கா மேல் அவ்வளவு அக்கறை என்று உருகிப்போனேன். இன்றைக்கு அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

மெஷின் வந்தது. சிவப்புப் பெட்டி, முகப்பில் இரண்டு திருகு. "ரெண்டும் ஓட்டும்னு சொல்லிட்டாக" என்றீர்கள். ஸ்டீலில் வைத்துப் பார்த்தேன், அழகாகத்தான் ஓடியது. அலுமினியத்தில் வைத்தேன். கரி கரியாய்ப் புகைந்தது. மேல்தோல் உருகாமல் உள்ளே மட்டும் இளகி, ஒரு கட்டியாகப் பொத்தென்று விழுந்தது. கரியைப் பார்த்ததும் உங்கள் முகம் போன போக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை அந்தத் துண்டின்மேல் ஊற்றினீர்கள். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னீர்கள். "ஏலே மாப்ளே, மெஷினு சரியாத்தான் இருக்கு. ஒன் கைதான் நடுங்குது. எல்லாருக்கும் எல்லாம் வந்துருமா? விட்ரு."

நான் விடவில்லை. விட்டிருந்தாலாவது வேறு ஆளைத் தேடியிருப்போம். ஒன்றேகால் வருஷம், ஞாயிறு தவறாமல், அலுமினியத் துண்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு பழகினேன். செல்போனில் எத்தனையோ பேர் அலுமினியம் ஓட்டுவதைப் பார்த்தேன். பேசுகிற பாஷை பாதி புரியாது. அவர்கள் மெஷினில் எந்த சுவிட்சை எந்தப் பக்கம் வைத்தார்கள் என்று ஒருநாளும் பார்க்கவில்லை. நீங்கள் கையைச் சொன்னதால் கையையே பார்த்தேன். மண்டியில் தராசைப் பிடிக்கும்போதுகூட விரல் ஆடுகிறதா என்று கவனிக்க ஆரம்பித்தேன். நரம்பு டாக்டரிடம் போகலாமா என்று உங்களிடமே யோசனை கேட்டேன் மச்சான். "போயிட்டு வா, நல்லதுதான" என்றீர்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் நான் தொடங்குமுன் நீங்கள் வந்துவிடுவீர்கள். கம்பெனிப் பழக்கம். கொட்டகைத் தரை முழுக்கத் தண்ணீர் தெளித்து, கோணிச்சாக்குகளை நனைத்துச் சுற்றிக் கட்டி, என் பக்கத்தில் இரண்டு வாளி வைத்துவிட்டுத்தான் நிற்பீர்கள். ஈரத்தில் நின்று கரண்டு வேலை செய்யக் கூடாது என்றால் ஒரு பலகையைப் போட்டுவிட்டு, மறுபடியும் தெளிப்பீர்கள். அக்கா பின்வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் சில மாதங்கள், இந்த வாரம் சரியாக வந்ததா என்று கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. அப்புறம் பின்வாசலுக்கே வரவில்லை. அவள் தோள் இறுகிக்கொண்டு வந்தது, தட்டை எடுக்க இடது கை எட்டவில்லை. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

பிறகு நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். எத்தனையோ வெடிக்குத் தப்பியவர், கம்பெனி ஆபீசில் உட்கார்ந்து ஆர்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது மாரடைப்பில். அழுதேன். உங்கள் மையத்தை அடக்கத்துக்குத் தூக்கிய நாலு பேரில் நான் ஒருவன். அக்கா புருஷனுக்காக நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகாமல் இத்தா இருக்க உட்கார்ந்தாள். இத்தா முடிகிற அன்றைக்கு அவள் தன் கையால் வாசலைத் தாண்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம் வந்தது. வெல்டிங் டார்ச்சுக்குச் சில உதிரி வாங்க வேண்டியிருந்ததால், முதல் தடவையாக அந்த மதுரைக் கடைக்குப் போனேன். மெஷின் படத்தைச் செல்போனில் காட்டினேன்.

கடைக்காரர் பார்த்ததும் சிரித்தார். "விருதுநகர்தான நீங்க? இதை வாங்கிட்டுப் போனவரை எப்படிங்க மறப்பேன். எல்லாரும் அலுமினியம் ஓட்டுமான்னு கேட்டு வாங்குவாங்க. அலுமினியம் ஓட்டாத மெஷினா பார்த்துக் குடுங்கன்னு கேட்ட ஒரே ஆளு அவருதான். டிசி மட்டும் இருக்கறதை எடுத்துக்குங்கன்னு குடுத்தேன்."

டிசி என்றால் அலுமினியம் ஓட்டாதா என்று கேட்டேன். அலுமினியத்தின் மேல் ஒரு தோல் இருக்கிறது, அது உருக அலுமினியத்தைவிட மூன்று மடங்கு சூடு வேண்டும், ஏசி கரண்டு மாறி மாறி அடித்தால்தான் அந்தத் தோல் கழன்று இரண்டு துண்டும் சேரும், டிசியில் யார் கை வைத்தாலும் கரிதான் வரும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது அப்போதுதான் நடுங்கியது.

அக்காவிடம் வந்து சொன்னேன். அவள் சொன்னாள். "ஒங்க மச்சானுக்கு அலுமினியம்னா பட்டாசுக்குப் போடுற பொடிதான்டா. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு எடத்துல வேலை பார்த்தாராம். கூட இருந்தவரு மேல அந்தப் பொடி தீப்புடிச்சதைக் கண்ணால பார்த்தவரு. அதுல நெருப்பு வைக்கப் போறோம்னதும் பயந்திருப்பாரு. ஒன்னையும் என்னையும் சேர்த்துப் பறிகொடுத்துருவோம்னு நெனச்சிருப்பாரு." கொஞ்சம் கழித்து, "பயமா இருக்குன்னு வாயைத் தெறந்து சொன்னா என்னவாம்" என்றாள்.

அதேதான் என் கேள்வியும். பொடி வேறு, குழாய் வேறு. பின்கட்டில் ஒரு துண்டை எடுத்து, கண் முன்னால் உருக்கிக் காட்டியிருப்பேன். பற்றாது, உருகிச் சொட்டும், அவ்வளவுதான். இருநூறு பேரை மேய்த்த போர்மேன் ஒரு வத்தல் வியாபாரியிடம் பயம் என்று சொல்வதா என்று உங்களுக்குக் கௌரவம். அந்தக் கௌரவத்துக்கு என் கையையும் அக்காவின் தோளையும் விலை வைத்தீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. புரிந்ததால் கோபம் குறையும் என்று யார் சொன்னது? எனக்குக் குறையவில்லை.

புது மெஷினை அக்காவும் நானும் வீட்டில் இருந்தபடியே செல்போனில் பார்த்துச் சேர்ந்து தேர்ந்தெடுத்தோம். இந்தத் தடவை ஒருவர் வாயையும் நம்பவில்லை. ஏசி, டிசி இரண்டும் முகப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். டார்ச் முனை அலுமினியத்தில் உரசாமல் தானே பொறி பிடிக்க வேண்டும், உரசினால் முனை அழுக்காகி அலுமினியம் கெடும். வீட்டு லைனில் தாங்குகிற இருநூறு ஆம்பியர். சூட்டைக் கூட்டிக் குறைக்கக் காலில் பெடல். மின்னுகிற மற்ற சமாச்சாரம் எல்லாம் வேண்டாம் என்று அக்காவே அடித்துவிட்டாள். தையல் மெஷின் வாங்கிப் பழகினவள்.

முதல் ஞாயிறு ஏசியில் வைத்தேன். ரீங்காரம் கேட்டது, உலோகம் பளபளவென்று இளகிக் கூடியது. ஆனால் ஆறினதும் பார்த்தால் தையல் முழுக்கப் பொடிப்பொடி ஓட்டை. மறுபடியும் கை என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் தரையைப் பார்த்தேன். உங்கள் வழக்கப்படி தண்ணீர் தெளித்து, சாக்கை நனைத்து நானே கட்டியிருக்கிறேன். அலுமினியத்துக்கு ஈரம் ஆகாது, பக்கத்திலிருந்தாலே ஓட்டை விழும். செத்தும் என்னை விட்டபாடில்லை நீங்கள். சாக்குகளை அவிழ்த்து வெயிலில் எறிந்தேன். தரையைக் காயவிட்டு, நெருப்பணைக்க மணல் வாளி மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கினேன். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் நான்கு இணைப்பு, ஒன்றில்கூட ஓட்டை இல்லை. கொட்டகையில் தனியாக நின்று உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷமாக யாரையும் திட்டியதில்லை.

இத்தா முடிந்த மறுநாள் காலை அக்கா நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். இருபுறமும் விரற்கடை மிச்சம் வைத்து நிலையைத் தாண்டினாள். தெருவில் பாதி தூரம் நன்றாகத்தான் போனாள். முனையில் அந்தச் சின்ன ஏற்றம் இருக்கிறதே, அங்கே தோள் கேட்கவில்லை. வண்டி நின்றது. அரை அடி பின்னால் உருண்டது. இரண்டு சக்கரத்தையும் இறுக்கிப் பிடித்தாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மூச்சு வாங்காமல் ஏறியிருக்கக்கூடிய கை.

நான் ஓடிப்போய்ப் பின்னால் கையை நீட்டினேன். பிடிக்க ஒன்றுமில்லை. தள்ளுகிற கைப்பிடி மட்டும் வைக்கவே கூடாது என்று அளவெடுத்த அன்றே அக்கா சொல்லியிருந்தாள், அப்படித்தான் செய்திருந்தேன். வெறும் காற்றில் நீட்டியபடி நின்ற அந்தக் கை உங்கள் கை, மச்சான். எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களை நான் மன்னிக்கவில்லை, இந்த ஜென்மத்தில் மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் உங்களிடமிருந்து அந்தப் பயம் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது, அதைச் சுமந்துகொண்டுதான் தினமும் அவள் பின்னால் போகிறேன். உங்களைவிட ஒன்று மட்டும் கூடுதலாகச் செய்தேன். வாயைத் திறந்து சொன்னேன்.

"அக்கா, பயமா இருக்குக்கா."

அவள் திரும்பவில்லை. மூச்சை இழுத்துச் சக்கரத்தில் கையை மாற்றி வைத்துக்கொண்டு, "இருந்துட்டுப் போகட்டும், நீ பின்னாலயே வா" என்றாள்.