பதிவில் ஏறாத பதில்

தம்பிக்கு,

எதிர்த்தரப்போடு பேசவே கூடாது என்று என் வக்கீலம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் எழுதுகிறேன்.

அம்மா வீட்டுக் கேஸில் நீ போட்ட அப்பீல் நேற்று விசாரணைக்கு வந்ததே, நம் இருவருக்கும் கோர்ட்டே இலவசமாகக் கொடுத்த வக்கீல்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள். அவர்கள் பேசினார்கள், நாம் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தோம். உனக்கு முன்பக்கம் முடி கொட்டிவிட்டது. இருமல் வேறு.

கீழ்க்கோர்ட்டே தேவலை. வக்கீல் வைக்க வசதியில்லாமல் நீயே என்னைக் கூண்டில் ஏற்றி விசாரித்தாய். "சமையல்கட்டுக்கு ஓடு மாத்தினது யாரு, சொல்லுக்கா" என்று கேட்டு, இங்கே அக்கா என்று கூப்பிடக் கூடாதென்று திட்டு வாங்கினாய். அம்மா போன பிறகு நாம் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

கடைசியாக, "அம்மா என்னைத் தேடினாங்களா?" என்று கேட்டாய். வழக்குக்குச் சம்பந்தமில்லாதது, பதில் சொல்ல வேண்டாம் என்றார் நீதிபதி. நானும் கூண்டை விட்டு இறங்கிவிட்டேன்.

அந்தப் பதிலை இப்போது சொல்லலாமா என்று நேற்று வக்கீலம்மாவிடம் கேட்டேன். "அப்பீல்ல நீங்க புதுசா எதுவும் சொல்ல முடியாதும்மா. கீழ்க்கோர்ட்ல பதிவானதை வெச்சுத்தான் எல்லாம்" என்றார்.

தேடினாள். நீ கடைக்குப் போயிருக்கிறாய், இப்போது வந்துவிடுவாய் என்று சொன்னேன். நம்பிவிட்டாள். அவன் வருவான், கதவைத் தாழ் போடாதே என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

இன்னும் போடவில்லை.

உன் எதிர்த்தரப்பான
அக்கா