சைலன்சர் வாங்கலாமா, மாப்பிள்ளை?

லூயிஸ்டவுன், மொன்டானா
17 பிப்ரவரி 2025

அன்புள்ள மாப்பிள்ளை ஆரினுக்கு,

உன் மைத்துனன் லைல் எழுதிக்கொள்வது. உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று பதறிவிடாதே. இங்கே எல்லாரும் நலம். நடீனுக்கு இடுப்பு வலி குறைந்துவிட்டது, என்னைத் திட்டுகிற தெம்பு முழுதாகத் திரும்பிவிட்டது. பசுக்கள் கன்று போடத் தொடங்கிவிட்டன, நேற்று வரை பதினொன்று. பனி இன்னும் வேலியின் இரண்டாவது கம்பி வரைக்கும் கிடக்கிறது. நெப்ராஸ்காவில் உங்களுக்கு இந்நேரம் தரை தெரிய ஆரம்பித்திருக்கும், கொடுத்து வைத்தவர்கள்.

போனை எடுத்துப் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ இப்போதெல்லாம் மூன்று வார்த்தைக்கு மேல் பேசுவதில்லையே. "ஆங், சரி, இந்தா மார்லிஸ்கிட்ட குடுக்குறேன்" என்று என் தங்கையிடம் தள்ளிவிடுகிறாய். கடிதத்தை அப்படித் தள்ள முடியாது. உன் பெயர் போட்டு வந்திருக்கிறது, நீதான் படிக்க வேண்டும்.

விஷயம் இதுதான். என் ரைஃபிளுக்கு ஒரு சைலன்சர் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். ஒரு டிரக் வாங்க இரண்டு வருஷம் யோசித்தவன் நீ. இந்த மாதிரி விஷயத்தில் உன்னைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பேன்?

முதலில் செலவைச் சொல்லிவிடுகிறேன். சாமான் தொள்ளாயிரம் டாலர். அதற்கு மேல் அரசாங்கத்துக்கு இருநூறு வரி. குழாயின் நுனியில் இருக்கிற மரையை இதற்குத் தோதாக மாற்ற வேண்டும், அது தனி. பணம் கட்டிவிட்டு, வாஷிங்டனில் யாரோ ஒருவர் என் படிவத்தைப் பார்த்து முத்திரை குத்தும் வரைக்கும் கடையின் அலமாரியில் இருக்கும் என் சொந்தச் சாமானைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வரலாம். சில வாரமும் ஆகுமாம், சில மாதமும் ஆகுமாம். கைக்கு வந்த பிறகும் சுகமில்லை. ரைஃபிள் ஏழு அங்குலம் நீளும், புதருக்குள் நுழையும்போது போகிற வருகிற கிளையிலெல்லாம் மாட்டும். நாலு குண்டு சுட்டால் அடுப்பில் வைத்த வாணலி மாதிரி கொதிக்கும். அவசரத்துக்கு யாருக்கும் இரவல் கொடுக்கக்கூடாது. தொலைந்துபோனால் அரசாங்கத்துக்குப் பதில் சொல்லி மாளாது.

நடீன் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ஏற்கெனவே உன்னப் பாத்தா திருட்டு வேட்டைக்காரன் மாதிரிதான் இருக்கு. இதையும் மாட்டிக்கிட்டுப் போ, வேட்டை வார்டனே வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சிட்டு உன்னக் கூட்டிட்டுப் போவாரு" என்றாள். பக்கத்துப் பண்ணை டெல்மர் வேறு தினமும் ஓதுகிறான். "பத்து சென்ட் காதடைப்பான்ல முடியிற வேலைக்கு ஆயிரம் டாலரா? உனக்குக் கழண்டுருச்சு லைல்" என்கிறான். டெல்மர் தலைக்கு மேல் விழுகிற கூரைக்கே செலவு செய்ய யோசிக்கிறவன், அவன் பேச்சை விடு.

இனி நல்லதைச் சொல்கிறேன். துப்பாக்கிக் கடை கிளீட்டை உனக்குத் தெரியும், பொய் சொல்லி விற்கிறவன் இல்லை. "அண்ணே, சினிமால வர்ற மாதிரி 'புஸ்'ஸுன்னு வரும்னு நெனச்சு வாங்கிறாதீங்க. இதுவும் வெடிக்கத்தான் செய்யும். ஆனா காதத் தின்னாது" என்றான். கடைக்குப் பின்னால் அவனுடையதை மாட்டி மூன்று குண்டு சுடச் சொன்னான். பெரிய கதவை ஓங்கிச் சாத்தினது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். தோளில் உதையும் பாதிதான். நம் கோவேறு கழுதை பிஸ்கட் அங்கே இருந்திருந்தால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்காது. போன முறை நம் சாமான்களோடு ஓடியதைப் பிடிக்க அரை நாள் ஆனதை நீ மறந்திருக்க மாட்டாய்.

காதடைப்பான் இருக்கிறதே என்று நீயும் கேட்கலாம். அதை வைத்துக்கொண்டு எல்க் மானைத் தேட முடியுமா? அந்தக் காட்டில் கண்ணை விடக் காதுதானே பெரிது. நம் இரண்டு பேரில் காது நீதான். நாம் சேர்ந்து போன இருபத்தாறு வருஷ அக்டோபர் வேட்டையிலும் நீ கேட்ட பிறகுதான் நான் பார்த்திருக்கிறேன். நீ கையைத் தூக்கி, "பொறு, பொறு, மேல ஒரு கிளை ஒடிஞ்சது" என்பாய். எனக்கு ஒன்றுமே கேட்டிருக்காது. நீ காட்டிய திசையில் கால் மணி நேரம் கழித்து மான் வந்து நிற்கும்.

இதுவரை எழுதியதெல்லாம் சுற்றி வளைத்தது, மாப்பிள்ளை. நேராக எழுத எனக்கு இரண்டு கோப்பைக் காப்பியும் நடீனின் ஒரு முறைப்பும் தேவைப்பட்டன.

கிறிஸ்துமஸ் சமயத்தில் மார்லிஸ் நடீனிடம் எல்லாம் சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. உன் இடது காது அநேகமாகப் போய்விட்டது, அதற்குள் ஓயாமல் ஒரு விசில் ஊதிக்கொண்டே இருக்கிறது என்றாள். தேவாலயப் பாட்டுக் குழுவிலிருந்து விலகிவிட்டாயாம். சாப்பாட்டு மேஜையில் பேத்தி எந்தப் பக்கம் உட்காருகிறாள் என்று பார்த்து நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொள்கிறாயாம். வேட்டைக்கு வராததற்குப் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் முழங்கால் வலி என்றாய். போன வருஷம் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்றாய். நானும் நம்பினேன், நம்புவது சௌகரியமாக இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அந்த ஓடைச் சரிவில், நீ என் வலது பக்கம் ஒட்டிப் படுத்திருந்தாய். என் தோள் அறுவை சிகிச்சைக்குப் பிறகு உதை தாங்கவில்லை என்று ரைஃபிள் நுனியில் பிரேக் என்கிற அந்த ஓட்டை போட்ட துண்டை மாட்டியிருந்தேன். அது உதையைக் குறைக்கும், ஆனால் வெடியைப் பக்கவாட்டில் அப்படியே திருப்பி அடிக்கும். மாட்டும்போதே கிளீட் சொல்லியிருந்தான்: "பக்கத்துல ஆள் இருந்தா காத மூடச் சொல்லுங்க." நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று மூன்று வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மை அதுவல்ல. நீ கேட்டுக்கொண்டிருந்தாய். நீ காதை மூடினால் மான் எங்கே திரும்புகிறது என்று எனக்கு யார் கைகாட்டுவது?

அதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. அன்றைக்கு என் இரண்டு காதிலும் அடைப்பான் இருந்தது, ஆரின். மான் விழுந்ததும், நீ காதைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தபோது, நீ நிமிர்வதற்குள் அவற்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீ "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நல்லா விழுந்துச்சு போ" என்று சத்தமாகச் சொன்னாய். அன்று முழுக்க நீ சத்தமாகவே பேசினாய். நான் அதற்கும் கிண்டல் செய்தேன், "ஏன்டா கத்துற, மானு எப்பவோ செத்துருச்சு" என்று. நீயும் சிரித்தாய்.

நீ பார்த்தாயா, பார்க்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருந்தால், அதுவும் உன் குணம்தான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் தங்கையை உன்னிடம் கொடுத்த நாளிலிருந்து நீ எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. நான் உனக்குச் செய்தது இது. என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட நாக்கு எழாமல்தான் தொள்ளாயிரம் டாலர், ஏழு அங்குலம் என்று இரண்டு பக்கம் அளந்தேன்.

அந்த பிரேக்கைக் கழற்றிப் பழைய இரும்போடு போட்டுவிட்டேன். உன் வலது காது இன்னும் நன்றாக இருக்கிறது என்று மார்லிஸ் சொன்னாள். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள என்னால் ஆன வழி இந்தச் சாமான் ஒன்றுதான். இதை மாட்டினாலும் இருவரும் காதுக்கு மேல் உறை போட்டுக்கொள்வோம், மெல்லிய சத்தத்தை உள்ளே விட்டு வெடியை மட்டும் தடுக்கிற புது வகை ஒன்று வந்திருக்கிறது. அதிலும் உனக்குத்தான் முதலில்.

கிளீட் இன்னொன்றும் சொன்னான். சைலன்சரை என் பேரில் மட்டும் வாங்கினால், நான் பக்கத்தில் இல்லாதபோது நீ அதைத் தொடக்கூடாது. இரண்டு பேர் பேரிலும் டிரஸ்ட் பத்திரம் எழுதி வாங்கினால் அது உனக்கும் சொந்தம், என்னைக் கேட்காமலே எடுத்துச் சுடலாம். அதற்கு உன் புகைப்படம் ஒன்றும், பத்து விரல் ரேகையும் வேண்டும். ரேகை வைக்கிற வெற்று அட்டைகள் இரண்டை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் ஷெரிஃப் அலுவலகத்திலேயே மை தடவி எடுத்துக்கொடுப்பார்கள். வெளிமாநிலக்காரர்கள் வேட்டை அனுமதிக்கு மனுப்போட ஏப்ரல் முதல் தேதி கடைசி நாள், அதையும் மறக்காதே.

நீ வராவிட்டால் எனக்குக் கோபமில்லை, கோபப்பட எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் சைலன்சர் வாங்கமாட்டேன். தனியாகச் சுடுகிறவனுக்கு டெல்மர் சொன்ன பத்து சென்ட் சாமான் போதும்.

மார்லிஸுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உன்னையும் உனக்கு மிச்சமிருக்கிற காதையும் காக்கட்டும். எனக்குப் பதில் கடிதம் எழுத வேண்டாம், என்ன எழுதுவது என்று உனக்கும் கஷ்டம். அந்த அட்டைகளில் பத்து விரலையும் வைத்து அனுப்பு, மாப்பிள்ளை. நான் புரிந்துகொள்கிறேன்.

என்றும் உன்
லைல்