என் பெயருக்கு நான் எழுதிய கைது ஆணை

மாவட்டச் சிறை, மேல் கனடா
1838 ஜூன் 19, செவ்வாய்

அன்பு மகள் கிறிஸ்டீனாவுக்கு அப்பா ஹெக்டர் மக்நிக்கோல் ஆசியோடு எழுதுவது. நான் நலம். முட்டிவலி மட்டும் கூடவே வந்து உட்கார்ந்திருக்கிறது. பதினோரு வருஷமாக நீதிபதி என்று கையெழுத்துப் போட்டு இந்தச் சிறைக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். சுவர் இவ்வளவு ஈரம் என்று ஒரு பயலும் சொல்லவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. "ஒரு கையெழுத்துதானேப்பா, போட்டுட்டு வீட்டுக்குப் போங்களேன்" என்று கெஞ்சியிருக்கிறாய். எந்தத் தாளில் கையெழுத்து கேட்கிறார்கள் என்று உனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் சொல்கிறேன், கேள்.

போன மாதம் பக்கத்துப் பண்ணை ஜோதம் பெல்டன் புதுக் கொட்டகை எழுப்பினான். வழக்கம்போல ஊரே போனோம். நாற்பது பேர், நாற்பது இரும்புமுனைக் கழி. நான் அடிமரத்தின் மேல் ஏறி நின்று "தூக்கு" என்று கத்த, அவர்கள் கொட்டகைச் சுவருக்கான மரச்சட்டத்தைக் கழியால் குத்தி உயர்த்தினார்கள். மூன்று சட்டம் ஏறிவிட்டது. விஸ்கி வாளியும் மூன்று சுற்று வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சாலையில் ஒரு லெப்டினன்ட் குதிரையில் போயிருக்கிறான். இங்கிலாந்திலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாதவன். கொட்டகை எழுப்புவதைப் பார்த்தே இருக்கமாட்டான். போன குளிர்காலத்தில் அரசாங்கத்தை எதிர்த்து நடந்த கலகத்துக்குப் பிறகு அவனுக்கு ஈட்டியைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. மாவட்டப் படைக்குத் தலைவரான கர்னல் விட்கோமிடம் ஓடிப்போய், நாற்பது ஈட்டிக்காரர்கள் பயிற்சி எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டான்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இருபது வருஷமாக ஜூன் நான்காம் தேதி அணிவகுப்புக்கு, நான் கேப்டனாக இருக்கும் ஊர்ப்படை மண்வெட்டிக் காம்போடுதான் வருகிறது. துப்பாக்கி கேட்டு எழுதி எழுதி என் கை ஓய்ந்துபோனது. துப்பாக்கி தராத அரசாங்கம் இப்போது கழியைப் பார்த்து நடுங்குகிறது.

கர்னல் சிரிக்கவில்லை. "பெல்டன் அமெரிக்காவுல பொறந்தவன், அவன்தான் தலைவன்னு கைது ஆணை எழுதிக் குடுங்க கேப்டன். உங்க பேரு எங்கயும் வராது" என்றார். தலைவன் என்று எழுதினால் தூக்குமரம். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். 1812-இல் அமெரிக்கர்களோடு நடந்த போரில், தொடையில் குண்டு பாய்ந்த என்னை முதுகில் போட்டு ஆற்றைக் கடந்தவன் ஜோதம். அவன் எங்கே பிறந்தான் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

கத்தியவன் யாரோ அவன்தானே தலைவன் என்றேன். ஆணைத்தாளை எடுத்து ஹெக்டர் மக்நிக்கோல் என்று எழுதினேன். கீழே நீதிபதி என்று கையெழுத்தும் போட்டுக் காவலர் சைலஸிடம் நீட்டினேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்கள நீங்களே எப்படி உள்ள போடுவீங்க? எனக்கு ஒண்ணும் புரியலியே" என்று தலையைச் சொறிந்தான். புரியாவிட்டால் பரவாயில்லை, குதிரையைப் பூட்டு என்றேன். கர்னலின் முகம் சுண்டிப்போனது. ஜோதம்தான் தலைவன், நான் ஏமாந்துவிட்டேன் என்ற மன்னிப்புக் கடிதத்தில்தான் இப்போது கையெழுத்து கேட்கிறார். ஆகஸ்டில் என் வழக்கை விசாரிக்கப் பெரிய நீதிபதி வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

என் கேப்டன் பதவி போய்விட்டது. போகட்டும். மாப்பிள்ளை எட்வினின் அரசாங்க வேலைக்கு ஆபத்து வருமோ என்பதுதான் என்னை உறுத்துகிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். கர்னலிடம் கேட்கமாட்டேன்.

இன்னொரு விஷயம். நான் உள்ளே வந்த நாளிலிருந்து ஊரில் ஒருவரும் கழியைத் தொடுவதில்லையாம். நாலாவது சட்டம் தரையில் கிடக்கிறது, ஜோதத்தின் வைக்கோலுக்கு இடமில்லை. உன் அம்மா பார்க்க வந்தபோது, "முப்பதாம் தேதி சனிக்கிழமை வேலை நடக்கும்னு கோயில் வாசல்லயே சொல்லிட்டேன். அடிமரத்து மேல நான் ஏறிக் கத்தறேன். வீட்ல முப்பது வருஷமா கத்தறவதானே" என்றாள். பயமாக இல்லையா என்று கேட்டேன். "இருக்கு. அதுக்கென்ன?" என்றாள்.

அவள் கத்துவாள். கழி பிடிக்க யார் வருவார்கள் என்று தெரியவில்லை. கிறிஸ்டீனா, எனக்காக யாருக்கும் மனு எழுதாதே. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. அவரால் முடியாவிட்டால் நீ மட்டும் வா. ஒரு கழியை எடுத்து உன் அம்மாவுக்கு முன்னால் நில். ஒருத்தி நின்றால் இரண்டாவது ஆள் வருவான். எனக்கு ஊரைத் தெரியும்.

சட்டம் ஏறியதா என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுது. கடவுள் உன் கைக்குப் பலம் தரட்டும்.

உன் அப்பா,
ஹெக்டர் மக்நிக்கோல்