மூன்றாவது விரிப்பு

சிஸ்டர்,

இன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பிடித்துவிட்டார்கள். திருட்டுக்காகத்தான். என் கக்கத்தில் நாலாக மடித்த வெள்ளை விரிப்பு ஒன்று இருந்தது. அது அங்கே எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

நம் பெண்கள் வார்டில் சின்னதாக ஒரு டீ விருந்து. எல்லோரும் கலைந்துபோன நேரத்தில் மேஜை விரிப்பை உதறி, ஓரம் சேர்த்து, மடித்து, இடுக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். பத்தொன்பது வருஷம் துணி அறையைக் காத்த கை, பென்ஷனாகி எட்டு மாதமாகியும் அடங்கவில்லை.

"பிள்ளச்சேட்டா, ஈ விரிப்பு எங்கோட்டா?" என்று மலையாளத்தில் கேட்டான் காவல்காரன், சிரிப்பை மீசைக்குள் கடித்துக்கொண்டு.

"அலமாரிக்கு" என்றேன், அலமாரிக்கு நேர் எதிர்த்திசையில் நின்றுகொண்டு.

திருப்பிக் கொடுக்கும்முன் அதை முகத்தருகே கொண்டுபோனேன். கஞ்சியும் வெயிலும் துளி பினாயிலும் கலந்த அந்த வாசனை. உடனே நீங்கள் வந்துவிட்டீர்கள்.

விருந்து பகவதிக்குத்தான் சிஸ்டர். நீங்கள் உட்கார்ந்த இடத்தில் (நீங்கள் எங்கே உட்கார்ந்தீர்கள், நீங்கள் நின்ற இடத்தில்) இன்று அவளைப் போட்டிருக்கிறார்கள். என் மகள் ஹெட் நர்ஸ்.

இந்த நாள் வராமலே போயிருக்கும். அதைக் கெடுக்கப் பார்த்தவன் யார் என்று உங்களுக்கும் எனக்கும் நன்றாகத் தெரியும்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று மழைக்காலம் கழிந்திருக்கும். அந்த வருஷம் விஷஜுரம் ஊரையே படுக்கவைத்தது. கட்டில்கள் நிறைந்து, கட்டிலுக்கடியில் பாய் விரித்து, அதுவும் நிறைந்து வராந்தாவுக்கு வந்தது. நர்ஸுகளுக்குப் பன்னிரண்டு மணி நேர டியூட்டி. அது முடிந்தாலும் முடியாது, ஏனென்றால் துணி அறையில் நான் இருந்தேன்.

டியூட்டி முடிந்து இறங்குகிற நர்ஸ், வார்டு விரிப்பு முழுவதையும் என் முன்னால் எண்ணிக் காட்டவேண்டும். எண்ணிக்கை சேராமல் வீட்டுக்குப் போகமுடியாது. ஒன்று குறைந்தால் தேடவேண்டும், ஒரு மணியானாலும் சரி, இரண்டு மணியானாலும் சரி. நாலாம் பாரத்தோடு படிப்பு நின்ற எனக்கு உலகத்தில் அந்த ஒரு எண்ணிக்கைதான் பிழையில்லாமல் வரும். அதில் நான் மகாராஜா. பகவதி என்றால் இரண்டு தடவை எண்ணச் சொல்வேன். மகளுக்குச் சலுகை காட்டினான் என்று எவனும் சொல்லிவிடக்கூடாதே!

போதாததற்கு வாய் வேறு. பழவங்காடியில் கடை வைத்திருந்த என் மைத்துனன், "நம்ம வீட்டுப் பெண்ணு கண்டவனுக்குப் பணிவிடை செய்யப் போயிருக்காளாம்லா?" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்பான். அவன் வாயை அடைக்க, "எம் மக நாப்பது நாளா லீவே எடுக்கல்ல, தெரியுமாவே!" என்றேன், கடைக்கு எதிரே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. அவள் சோற்றைப் பிசைந்தபடியே உறங்கிப்போவதைப் பார்த்தும் சொன்னேன். "எப்பா, எனக்கு வய்யாது" என்று அவள் முனகினால், "சமாளிச்சுக்கோ மக்கா, நாலு பேரு மெச்சுகாம்லா" என்பேன்.

ஒரு நாள் காலை அவள் இரவு டியூட்டி முடித்து வந்து எண்ணினாள்.

"முப்பத்தொம்பது இருக்கு. இன்னொண்ணு எங்க?"

"வராந்தாவுல கிடந்த அந்த அக்கா விடியக்காலம் போயிட்டாப்பா. மூடிக் கொண்டுபோக வீட்டுக்காரங்ககிட்ட ஒண்ணும் இல்ல. நான்தான் போர்த்திவிட்டேன்."

அதற்கு நான் என்ன கேட்டேன்?

"சீட்டு எழுதி வச்சியா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் பிழைத்திருப்பேன். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி என் ரிஜிஸ்தர் மேல் வைத்தாள். "இதையும் சேத்து எண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்தவள் ஒன்பது நாள் திரும்பவில்லை. ராஜிநாமாக் கடிதம் தலையணைக்கடியில் இருந்தது. வேலை போனால் போகட்டும், பெண்ணே எங்கோ போய்விட்டாள். என்ன செய்கிறது என்று அம்மைக்காரி கேட்டால், "உள்ள ஒண்ணும் மிச்சமில்லம்மா" என்பாள், பஞ்சாங்கம் வாசிக்கிற குரலில்.

நான் சூப்பிரண்டைத் திட்டினேன். நோயாளிகளைத் திட்டினேன். மழையைத் திட்டினேன். கடைசியில் உங்களைத் திட்ட வார்டுக்கு வந்தேன். என் மகளைப் பிழிந்து எடுத்துவிட்டீர்கள் என்று ஆரம்பித்து மூச்சு வாங்கும்வரை பேசினேன்.

"திட்டி முடிஞ்சுதா அண்ணாச்சி?" என்றீர்கள். "நாளைக்கு லீவு எழுதிட்டுக் காலைல ஏழு மணிக்கு வாங்க. வேல ஒண்ணும் செய்யாண்டாம். பகவதி நின்ன எடத்துல நில்லுங்க, போரும்."

"நிக்கதுக்கு என்ன சிஸ்டர்? கோயில்ல கொடியேத்து முடியுத வரைக்கும் நிக்கவனாக்கும் நான்!"

பத்து மணிக்கே கொடி இறங்கிவிட்டது. பதினொன்றுக்குத் தெரியாமல் ஒரு கிழவியின் கட்டிலோரம் சாய்ந்தேன். "எந்தா பிள்ளே, சுகமில்லே?" என்று அவள் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். அவளுக்கு நூற்றுமூன்று டிகிரி ஜுரம். மூன்று மணிக்கு ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு தன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். ஆறு மணிக்கு அவள் பேச்சு நின்றது. கையை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் விரல் விரலாகப் பிரித்துவிட்டீர்கள்.

ஏழு மணிக்கு ஒரு விரிப்புக் கட்டை என் முன்னால் வைத்தீர்கள். "எண்ணுங்க அண்ணாச்சி."

முதல் தடவை இருபத்து மூன்று. இரண்டாம் தடவை இருபத்தைந்து. மூன்றாம் தடவை பாதியில் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோயிற்று.

"இருபத்தி நாலு" என்றீர்கள். "என்ன, விடியவரைக்கும் தேடுவமா?"

வீட்டுக்குப் போய்ப் பகவதியின் பாயருகே உட்கார்ந்து நடந்ததை அப்படியே சொன்னேன். மன்னிப்புக் கேட்கிற பாடம் நாலாம் பாரத்தில் கிடையாது. எனக்கு இதுதான் வந்தது. இருபத்தைந்து என்றதும் சுவரைப் பார்த்த முகம் திரும்பியது.

"ஒண்ணு கூடுதல் எங்கேருந்துப்பா வந்துது? குட்டி போட்டுதா?"

சிரித்தாள். சிரித்த அளவுக்கு அழுதாள். பிறகு சோறு கேட்டாள். நான் மறுநாளே ஓடிவந்து, "சரியாயிட்டா சிஸ்டர், நாளைக்கே டியூட்டிக்கு அனுப்புகேன்" என்றபோது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "சிரிச்சா சரியாயாச்சுன்னு யாரு சொன்னா? ரெண்டு வாரம் உறங்கட்டும். அதுக்குள்ள நாம இங்க சரியாவணும்" என்றீர்கள். பிறகு, "ஒரு கட்டிலுக்கு எத்தன விரிப்பு அண்ணாச்சி?"

"மூணு. ஒண்ணு கட்டில்ல, ஒண்ணு வெளுக்க, ஒண்ணு அலமாரியில சும்மா கிடக்கணும்."

"சும்மா எதுக்கு?"

"சும்மா கிடக்காட்டா நூலு விட்டுப்போவும் சிஸ்டர். விரிச்சதையே விரிச்சா ரெண்டே மாசத்துல கந்தல்."

"ம்" என்றீர்கள். அவ்வளவுதான். எனக்குக் காது கூசியது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக நான் சொல்லிவந்த சட்டம், துணிக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து எண்ணுவது என் வேலையானது. மத்தியானம் நானே சலவைக்காரரோடு வார்டுக்கு வந்து எண்ணிக்கொள்வேன். நர்ஸ் அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். துணி அறையில் ஒரு ஸ்டூல் போட்டீர்கள். டியூட்டிக்கு நடுவே ஒவ்வொருத்திக்கும் அரை மணி. பூட்ஸைக் கழற்றி, விரிப்புக் கட்டின்மேல் காலை நீட்டி, அழுகிறவள் அழலாம், உறங்குகிறவள் உறங்கலாம், யாரும் ஒன்றும் கேட்கக்கூடாது. சீரகம் போட்டுக் காய்ச்சிய வெள்ளம் ஊற்றிக்கொடுப்பதும் கதவைக் காப்பதும் நான்.

எவனோ போட்டுக்கொடுத்தான். பகவதி திரும்பி வந்த மூன்றாம் நாளே சூப்பிரண்டு வந்து நின்றார். "இதெந்தா, சத்ரமோ?"

அவர் ஒரு சொல் சொன்னால் ஸ்டூல் போய்விடும். ஸ்டூல் போனால் பகவதியும் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும்; கடிதம் இன்னும் தலையணைக்கடியில்தான் இருந்தது.

நீங்கள் பதறவில்லை. "அண்ணாச்சி, சாருகிட்ட சொல்லுங்க. ஒரு கட்டிலுக்கு எத்தன விரிப்பு?"

கைகட்டி நின்று ஒப்பித்தேன். கட்டில்ல ஒண்ணு, வெளுக்க ஒண்ணு, சும்மா ஒண்ணு.

"துணிக்கு மூணாவது கொடுக்க சர்க்காருக்கு மனசிருக்கு சார். இந்தப் பிள்ளைகளுக்கு அரை மணி இல்லியா?"

அவர் கதவைத் தள்ளினார். உள்ளே பகவதி விரிப்புக் கட்டின்மேல் கால் நீட்டி, வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தார். பிறகு தன் கையாலேயே கதவை மெல்லச் சாத்திவிட்டு என்னிடம், "ஒச்ச உண்டாக்கண்டா" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சத்தம் போடாதே என்று, மூச்சுக்கூட விடாமல் நின்ற எனக்கு!

அந்த மழைக்காலத்தில் நம் வார்டிலிருந்து ஒரு பெண்கூட வேலையை விட்டுப் போகவில்லை. பகவதி தன் கடிதத்தை அடுப்பில் போட்டு அந்தத் தீயில் எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அந்த மாதிரி சூட்டில் நான் குளித்ததே இல்லை. பிறகு மற்ற வார்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, "ஸ்டூலோட உயரம் எவ்வளவு?" என்று கேட்டுப்போனார்கள். உயரத்திலா இருக்கிறது? ஆனாலும் அளந்து கொடுத்தேன், மகாராஜா அல்லவா.

இன்று விருந்து முடிந்ததும் பகவதி என்ன செய்தாள் தெரியுமா? பொறுப்பேற்ற முதல் வேலையாக, எல்லோரும் பார்க்கத் துணி அறைக்குப் போனாள். பூட்ஸைக் கழற்றினாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். "முதல்ல நான் இரிக்கேன். இல்லன்னா நீங்க யாரும் இரிக்க மாட்டீங்க" என்றாள் அந்தப் பிள்ளைகளிடம். அதைப் பார்த்த பெருமையில்தான் மேஜை விரிப்பு என் கக்கத்துக்கு வந்திருக்கவேண்டும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கதவை அத்தனை வருஷம் காத்தவன் நான். யார் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று பெயர் சொல்வேன். உங்கள் பெயர் அதில் இல்லை.

நீங்கள் பென்ஷனாகி ஊருக்குப் போன அன்று, தம்பானூரில் நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துவர்த்துத் துண்டைப் போட்டு உங்களுக்கு இடம் பிடித்திருந்தேன். நீங்கள் ஏறியதும் அதை எடுத்து, கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தியை உட்காரவைத்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி எனக்குக் கை காட்டினீர்கள். பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. ஆறே மாதத்தில் நீங்கள் இல்லை என்ற செய்தி வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. ஹெட் நர்ஸிடம் அப்படிச் சொல்லலாமா என்று விழுங்கிவிட்டுத் துவர்த்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

சிஸ்டர், நீங்களும் ஒரு அரை மணி இரியுங்க. கதவ நான் பாத்துக்கிடுகேன்.