ஒன்பதாவது இலை

பரமத்தி வேலூர்,
பகுதானிய வருஷம் தை மாதம் 22-ந் தேதி.

சௌபாக்கியவதி கந்தம்மாளுக்கு அப்பன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அம்மா, தங்கை சௌந்திரம், இரண்டு எருமைகள் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. அதுவும் வேலை இருந்தால்தான் வலிக்கிறது என்று நான் சொல்லப்போக, இரண்டு நாளாக என் மோரில் உப்பில்லை. பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாயிருக்கக் கபிலர்மலை முருகன் துணையிருக்கட்டும்.

பேரனுக்கு வருஷம் நிறைகிறதற்குப் பத்துப் பேருக்கு வீட்டிலேயே சாப்பாடு போடப்போவதாகவும், கூப்பிடாமலே வந்து உட்காரும் பக்கத்து வீட்டுக்காரரை என்ன செய்வது, மாப்பிள்ளையின் மேலதிகாரி வந்தால் எழுந்து போகமாட்டார், அவரை எப்படி அனுப்புவது என்றும் கேட்டு எழுதியிருக்கிறாய். யாரிடம் கேட்கிறாய் பார். உன் கல்யாணத்தில் சம்பந்தியைச் சமையல்காரர் என்று நினைத்து, ரசத்தில் உப்புப் பார்த்துச் சொல்லச் சொன்னவன் நான். ஆனாலும் அவர் பார்த்து, குறைச்சல் என்று சொன்னார். மனுஷர் பெரிய மனுஷர். ஆகையால் புத்தி சொல்வதை விட்டுவிட்டு, தை பிறந்த கையோடு நம் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்.

சௌந்திரத்தைப் பார்க்கத் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து சுப்பம்மாள் என்கிற அம்மாள், மகன் கந்தவேல், தன் அண்ணன் செங்கோட்டையன் மூவரும் வண்டி கட்டி வந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் சம்மதமில்லாமல் பெண் வீட்டில் கை நனைக்கமாட்டார்கள், ஒரு வாய் சாப்பிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம் என்பது உனக்குத் தெரியாததல்ல. இந்த அம்மாள் ஏற்கெனவே பதினொரு வீடு பார்த்தவள். எந்த வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்காமல், வீட்டிலிருந்தே செம்பில் கொண்டுவந்து குடிப்பவள். சௌந்திரமோ, ஆடிப் பதினெட்டுக்குக் காவிரிக் கரையில் அந்தப் பையனைப் பார்த்துவிட்டு, கட்டினால் இவரைத்தான் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் சொல்வதும் சந்தையில் தமுக்கு அடிப்பதும் ஒன்றாம்.

முன்வாசலில் ஜமக்காளம் விரித்து உட்கார வைத்தேன். பேச்சு ஓடாதபோது வெற்றிலையைப் பற்றிப் பேசுவது என் வியாதி, உனக்குத் தெரியும். கொடிக்காலுக்கு மண் அணைப்பதிலிருந்து ஆரம்பித்து நான் அறுவடைக்கு வருவதற்குள் அந்த அம்மாள் நம் கூரை ஓடுகளை எண்ணி முடித்துவிட்டாள். சௌந்திரம் வந்து கும்பிட்டுப் போனாள். மகனைவிட ஒரு விரற்கடை உயரமோ என்று அம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. செங்கோட்டையன் எருதுகளைப் பார்க்கிறேன் என்று கொல்லைப்பக்கம் போனவர் திரும்பவில்லை. அங்கே கொடிக்கால் வேலைக்கு வந்திருந்த நம் பங்காளிகள் எட்டுப் பேருக்கு இலை போட்டு, பருப்பும் நெய்யும் மணத்துக்கொண்டிருந்தது. இங்கே சுப்பம்மாள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "போயி ரோசன பண்ணிச் சொல்லி உடறமுங்க" என்றாள். பதினொரு வீட்டிலும் சொன்ன அதே வார்த்தை. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றுபோயிற்று.

அப்போது செங்கோட்டையன் துண்டில் கை துடைத்தபடி வந்தார். மீசையில் மோர். ஜமக்காளத்தில் உட்கார்ந்து ஒரு ஏப்பம் விட்டு, வெற்றிலைத் தட்டை இழுத்தார். அந்த அம்மாள் அவர் மீசையைப் பார்த்தாள்.

"அண்ணா, கைய நனைச்சுப் போட்டீங்களா?"

"மோரு வரைக்கும் வந்துட்டனம்மா. பாதியில எந்திரிச்சா எலைக்கு மரியாதையில்லையே."

ஊரில் யாரோ ஒருவர் அவமானப்பட்டு நிற்பதைப் பார்ப்பதைவிட, அந்த அம்மாள் நம் வீட்டு வாசலில் அப்படி நிற்பதைப் பார்ப்பது கஷ்டம். புத்தியோ பயமோ, "பசிக்கு உண்டத நாங்க பேச்சுல சேத்த மாட்டமுங்க. நீங்க ரோசன பண்ணியே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டேன். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்த மோரே திரிந்திருக்கும். கைக்கு வந்ததை விட்டுவிட்டேனாம்.

அதுவரை வாயே திறக்காத கந்தவேல் தலையைத் தூக்கினான். "மாமன் நனைச்சா எங்க ஊடே நனைச்ச மாதிரிதானுங்கம்மா. எனக்கும் ஒரு எலை போடச் சொல்லுங்க." சுப்பம்மாள் மகனைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், கையிலிருந்த செம்பைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, உங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா என்று கேட்டாள். அவ்வளவுதான் சம்மதம். அம்மாவின் முழங்கால் அன்றைக்கு அடுப்புக்கும் வாசலுக்கும் ஓடியதை நீ பார்த்திருக்க வேண்டும்.

அவர்கள் வண்டி போனபிறகு அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. முதல் பந்திக்கு அவள் போட்டது எட்டு இலை, உண்டது எட்டுப் பங்காளி. செங்கோட்டையனுக்கு இலை ஏது? சௌந்திரம் முறத்தைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. வற்புறுத்திக் கேட்டதற்கு, "வந்ததுலிருந்து பெரியவரு சமையக்கட்டையே பாத்துட்டிருந்தாருங்கப்பா. எருதப் பாக்க வாரீங்களான்னு சைகையில கூப்புட்டேன். வழியில எலை கெடந்துச்சு, அவரா உக்காந்துட்டாரு" என்றாள்.

ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு முதலிலேயே இலை போட்டு வை, பிறகு அவர் கூப்பிடாமல் வந்தவர் ஆகமாட்டார். எழுந்து போகாத அதிகாரி மடியில் பேரனைக் கொடு. மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்.

வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை இப்போதே லீவுக்கு எழுதிப் போடட்டும். பேரனுக்கு எண்ணெய் தேய்க்க மறக்காதே. மூவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

ஒன்பதாவது இலையைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சௌந்திரம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நானும் யாரிடமும் சொல்லவில்லை. போன சனிக்கிழமை வெற்றிலை மண்டியில், யாரோ ஒருவர் வீட்டில் நடந்ததுபோல, நாலு பேரிடம் மட்டும் சொன்னேன். சொல்லி முடித்துத் திரும்பினால் பின்னால் செங்கோட்டையன் நிற்கிறார். அவர் என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார்: "தெரிஞ்சேதான் உக்காந்தனுங்க சம்பந்தி. பதினோரு ஊட்டுல பட்டினியா திரும்பினவன் நானு."

இப்படிக்கு,
ரகசியம் காக்கும் உன் அப்பன்,
காளியண்ணன்.